காஞ்சனபுரி: எந்த அருவி, எந்தக் கோயில், எந்தப் பாதை?

பாங்காக்கிலிருந்து மேற்கே 130 கிலோமீட்டரில் இருக்கும் காஞ்சனபுரியை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று பல பயண நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. காலையில் வேன் ஏறி எரவான் அருவி, இரண்டாம் உலகப் போரில் போட்ட 'மரண ரயில்' பாதை, அதன் குவாய் பாலம், புலிக்குகைக் கோயில் எல்லாம் பார்த்து, இரவு பாங்காக் திரும்பலாமாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது ஒத்துவராது. பாங்காக்கிலிருந்து எரவான் போய்ச் சேரவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அருவியின் ஏழு அடுக்கும் ஏறி இறங்க மூன்று, நான்கு மணி நேரம் வேண்டும். ரயில் அதன் நேரத்துக்குத்தான் வரும். ஆக, நடப்பது இதுதான்: அருவியில் இரண்டாம் அடுக்கோடு திரும்ப வேண்டியிருக்கும், ரயிலில் நாலைந்து நிலையம் மட்டும் போக முடியும், கோயிலைக் கீழேயிருந்து படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

மாகாணத்தின் பரப்பு 19,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். பர்மா எல்லை வரை மலையும் காடுமாக நீளும் நிலம் இது. இங்கே எல்லாவற்றையும் பார்க்க நினைப்பதைவிட, ஒரு நாளுக்கு ஒரு திசை என்று வகுத்துக்கொள்வதே நல்லது. எந்தத் திசையை எடுப்பது, எதை விடுவது என்பதற்கான ஒப்பீடுதான் இது.

மூன்று திசைகள்

காஞ்சனபுரி நகரில் இரண்டு ஆறுகள் கூடுகின்றன. வடமேற்கிலிருந்து வருவது குவே யாய், அதாவது பெரிய ஆறு. மேற்கிலிருந்து வருவது குவே நோய், சின்ன ஆறு. இரண்டும் சேர்ந்து மே குளோங் ஆறாகித் தென்கிழக்கே போகிறது. பார்க்கத்தக்கவை எல்லாம் இந்த மூன்று ஆறுகளை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

குவே யாய் கரையோரம் போகும் 3199ஆம் எண் சாலையில் எரவான் அருவி, சீநகரிந்த் அணை, அதற்கும் அப்பால் ஹுவாய் மே கமின் அருவி. குவே நோய் பக்கம் போகும் 323ஆம் எண் சாலையிலும் அதை ஒட்டிய ரயில் பாதையிலும் முவாங் சிங் கெமர் (பழைய கம்போடிய) கோயில், தாம் கிரசே மரப்பாலம், சாய் யோக் நோய் அருவி, மரண ரயிலுக்காகப் பாறையை வெட்டிய ஹெல்ஃபயர் பாஸ், சாய் யோக் யாய் அருவி. பிறகு தோங் பா பூம், கடைசியில் 220 கிலோமீட்டரில் சங்க்லபுரி. கீழ்ப்பக்கம், மே குளோங் சமவெளியில் வாட் தாம் சுவா என்ற புலிக்குகைக் கோயிலும் வேறு சில குகைக் கோயில்களும்.

எரவான் சாலையையும் சாய் யோக் சாலையையும் குறுக்கே இணைக்கும் ஒரு மலைச்சாலை உண்டு. அதில் பொதுப் போக்குவரத்தை நம்ப முடியாது. பேருந்தில் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் நகருக்குத் திரும்பித்தான் அடுத்த திசைக்குப் போக வேண்டும். எந்தப் பயணத் திட்டமும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இரண்டு அருவிகளுக்கு நடுவே, பேருந்துக்காரருக்கு ஒரு முழு நாள் கிடக்கிறது.

அருவிகள்: எரவானா, ஹுவாய் மே கமினா, சாய் யோக்கா?

மூன்றும் சுண்ணாம்புக்கல் மலையில் விழும் அருவிகள். ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை.

எரவான் 1975இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நகரிலிருந்து 65 கிலோமீட்டர். ஏழாம் அடுக்கின் பாறை அமைப்பு ஐராவதத்தின் தலைபோல் இருப்பதால் இந்தப் பெயர். தாய்லாந்தில் ஐராவதத்துக்கு மூன்று தலை. நகரப் பேருந்து நிலையத்திலிருந்து 8170ஆம் எண் பேருந்து காலை எட்டு மணியிலிருந்து கிளம்புகிறது, ஒன்றரை மணி நேரப் பயணம். முதல் பேருந்தைப் பிடிப்பதுதான் எரவானில் மிக முக்கியமான விஷயம். மேல் அடுக்குகளுக்கு ஏறுவதைப் பிற்பகல் மூன்று, மூன்றரைக்கெல்லாம் நிறுத்திவிடுவார்கள். பூங்கா நாலரைக்கு மூடும். பதினொரு மணிக்குப் பிறகு வந்து சேர்கிறவர்கள் நீந்துவதா, ஏறுவதா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதை விட்டால் தனி வண்டிக்குப் பேசித்தான் நகர் திரும்ப வேண்டும்.

வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 300 பாட், சிறுவர்களுக்கு 200 பாட். ரொக்கமாக வைத்திருங்கள். இரண்டாம் அடுக்கைத் தாண்டி உணவு கொண்டுபோக முடியாது. அங்கே ஒரு சோதனை மேசை இருக்கிறது. பையைத் திறந்து பார்த்து, தண்ணீர் பாட்டிலுக்கு 20 பாட் முன்பணம் வாங்கிக்கொண்டு எழுதிக்கொள்வார்கள். திரும்பும்போது பாட்டிலைக் காட்டினால் பணம் கிடைக்கும். பிஸ்கட்டும் பழமும் கொண்டுவந்திருந்தால் கீழேயே சாப்பிட்டுவிடுங்கள். மேலே குரங்குகள் உண்டு. பிளாஸ்டிக் பை கையில் இருந்தாலே பிடுங்க வரும். குளங்களில் இறங்க லைஃப் ஜாக்கெட் கட்டாயம், வாடகைக்குக் கிடைக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இதே விதிதான்.

எந்த அடுக்கில் எவ்வளவு நேரம் செலவிடுவது என்று முன்பே முடிவு செய்வது நல்லது. முதல் இரண்டும் அகலமான குளங்கள், குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஏற்றவை, அதனால் கூட்டமும் அங்கேதான். மூன்றாவது உயரமாக விழுகிறது. நான்காவதில் வழவழப்பான உருண்டைப் பாறைகளில் தண்ணீரோடு சறுக்கி விழலாம். ஐந்தாவதில் ஆழமற்ற தட்டுத்தட்டான குட்டைகள். கூட்டம் குறைந்து, நிறமும் தெளிந்து இருப்பது இங்கேதான். ஏழு வரை ஏற முடியாதவர்கள் ஐந்தையாவது தொட்டுவிட வேண்டும். ஐந்திலிருந்து ஏழு வரை செங்குத்தான ஏற்றம், இடையிடையே மர ஏணி. ரப்பர் செருப்பு இங்கே உதவாது. பின்வாரும் பிடிப்பும் உள்ள செருப்போ, நனைந்தால் பரவாயில்லாத காலணியோ வேண்டும்.

தண்ணீரின் பச்சை கலந்த நீலத்துக்குக் காரணம் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு. தண்ணீர் குதித்து விழும்போது அது பிரிந்து நுண்துகளாக மிதந்து ஒளியைச் சிதறடிக்கிறது. விழுந்து கிடக்கும் மரக்கட்டைகள், வேர்கள், இலைகள் மேலெல்லாம் அதே சுண்ணாம்பு படிந்து கல்லாகிறது. அருவியின் தட்டுகளே இப்படித்தான் வளர்கின்றன. அந்தப் படிவு சொரசொரப்பாகக் காலைப் பிடிக்கும். ஓட்டமில்லாத ஓரங்களில், மண்ணும் பாசியும் படிந்த கற்கள்தான் வழுக்கும். பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் கல்லில் கால் வையுங்கள், கறுத்த கல்லைத் தவிருங்கள். படிவின் மேல் ஏறிக் குதித்து விளையாடினால் உடைந்துவிடும், திரும்ப வளரப் பல ஆண்டுகள் ஆகும். குளத்தில் நின்றால் மீன்கள் வந்து காலைக் கவ்வும். அசையாமல் நின்றால்தான் வரும், காலை அசைத்தால் விலகிவிடும்.

ஹுவாய் மே கமின் இன்னும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சீநகரிந்த் நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கிறது. இதுவும் ஏழு அடுக்கு, கட்டணமும் 300 பாட். வித்தியாசம் நுழைவில் இருக்கிறது. வாகனம் நிற்குமிடமும் பூங்கா அலுவலகமும் நான்காம் அடுக்கை ஒட்டியே இருப்பதால், அங்கிருந்து கீழே இறங்கினால் மூன்று, இரண்டு, ஒன்று; மேலே ஏறினால் ஐந்து, ஆறு, ஏழு. முழங்கால் வலிக்காரர் ஒருவர் வண்டியிலிருந்து இறங்கிச் சில நிமிடம் நடந்தாலே நல்ல அருவி ஒன்றைப் பார்த்துவிடலாம். விழும் அகலமும் எரவானைவிட அதிகம், கூட்டம் மிகக் குறைவு. அழகில் இதுவே மேல் என்பது எங்கள் எண்ணம். ஆனால் பேருந்து கிடையாது. அணையைத் தாண்டியபின் சாலை வளைந்து ஏறி இறங்கும், பெட்ரோல் பங்குகள் அரிது. சொந்த வண்டியோ ஓட்டுநருடன் வாடகை வண்டியோ இருந்தால்தான் இதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நாளில் இரண்டு அருவியும் வேண்டாம். கமினுக்குப் போகிறவர்கள் எரவானை விட்டுவிடலாம்; முடிந்தால் அங்கேயே கூடாரம் எடுத்து இரவு தங்குவது நல்லது. காலை எட்டு மணிக்கு முன் அந்த நான்காம் அடுக்கு கிட்டத்தட்ட உங்களுக்கே உரியது.

சாய் யோக் நோய், நாம் தோக் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், நெடுஞ்சாலை ஓரமாகவே இருக்கிறது. கட்டணம் இல்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் பார்த்தால் குடும்பம் குடும்பமாகப் பாயை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், குற்றாலத்துச் சீசன் நாள்போல் இருக்கும். பிப்ரவரிக்குப் பிறகு நீர்வரத்து மெலிந்துபோகும். அப்போது இதற்கென்று தனியாகப் போக வேண்டாம். ரயில் பயணத்தின் முடிவில் இளைப்பாறும் இடமாக வைத்துக்கொள்ளலாம்.

சாய் யோக் யாய் நகரிலிருந்து 104 கிலோமீட்டரில், நேராகக் குவே நோய் ஆற்றிலேயே விழுகிறது. குளிக்கும் அருவி என்று நினைத்துப் போகாதீர்கள். தொங்குபாலத்திலிருந்தும் ஆற்றில் மிதக்கும் தெப்ப வீடுகளிலிருந்தும் பார்க்கும் அருவி இது. உலகின் மிகச் சிறிய பாலூட்டிகளில் ஒன்றான, பன்றி மூக்கு வெளவால் 1970களில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இந்தப் பகுதிக் குகைகளில்தான். எரவான் பார்த்தவர்கள் இதற்கென்று இன்னொரு 300 பாட் கொடுக்கத் தேவையில்லை. தெப்ப விடுதியில் ஓர் இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோயில்கள்

எல்லோரும் போவது வாட் தாம் சுவா. நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர், தா முவாங் வட்டத்தில் வயல்களுக்கு நடுவே எழும் ஒரு குன்று. தேடும்போது ஒரு எச்சரிக்கை: கிராபியிலும் இதே பெயரில் இன்னும் புகழ்பெற்ற கோயில் உண்டு, அங்கே ஆயிரத்து இருநூறுக்கு மேல் படி. இணையத்தில் இரண்டின் படங்களும் குறிப்புகளும் கலந்து கிடக்கின்றன. காஞ்சனபுரிக் கோயிலுக்கு 157 படிதான். படி ஏற முடியாதவர்களுக்கு, பக்கத்திலேயே சாய்வுப் பாதையில் இழுத்துப் போகும் சிறிய வண்டி இருக்கிறது, சில பாட்தான் கட்டணம்.

மேலே 18 மீட்டர் உயரப் பொன்னிறப் புத்தர், சிப்பிபோல் வளைந்த கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னே பக்தர்களின் காசை ஏந்திப் போகும் ஓடுபட்டை ஒன்று உண்டு: வரிசையாகச் சிறு கிண்ணங்கள், காசைப் போட்டால் நகர்ந்து போய் உண்டியலில் கொட்டும். குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். பக்கத்தில் பல அடுக்குக் கோபுரம். அதன் உச்சியிலிருந்து மே குளோங் சமவெளி முழுக்கத் தெரியும். வயல் பச்சையாக இருக்கும் மாதங்களில், குறிப்பாக ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, மாகாணத்திலேயே சிறந்த காட்சி இதுதான். அறுவடைக்குப் பிறகு போனால் அதே இடம் பழுப்பாக இருக்கும், ஏமாற்றம் தரும்.

ஒட்டியே நிற்கும் சீன பாணிக் கோபுரம் வாட் தாம் காவ் நோய் என்ற வேறு கோயிலுடையது. மேலேயிருந்து பார்த்தால் கைக்கெட்டும் தூரம். ஆனால் இறங்கி, வேறு வாசல் வழியாகத் திரும்ப ஏற வேண்டும். நடுப்பகலில் தரை கொதிக்கும், செருப்பைக் கழற்றித்தான் நிற்க வேண்டும். காலுறை ஒன்று பையில் இருக்கட்டும். காலை எட்டரைக்குள் அல்லது மாலை நான்குக்குப் பிறகு போங்கள்.

இதற்கு நேர் எதிரான அனுபவம் பிரசாத் முவாங் சிங். நகரிலிருந்து சுமார் 43 கிலோமீட்டர், குவே நோய் ஆற்றங்கரையில், செம்புரைக்கல்லால் கட்டிய கெமர் கோயில். அங்கோரை ஆண்ட ஏழாம் ஜெயவர்மன் காலத்து பாயோன் பாணி, 12ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 13ஆம் நூற்றாண்டையோ சேர்ந்தது. கெமர் கட்டடக் கலை மேற்கே எட்டிய எல்லை இது. இந்து தெய்வங்களைத் தேடி வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, இது மகாயான பௌத்தக் கோயில். இங்கே கிடைத்த முக்கியச் சிற்பம், உடலெங்கும் சிறு புத்தர்கள் செதுக்கிய அவலோகிதேசுவரர். மூலச் சிற்பம் பாங்காக் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கோயிலில் நிற்பது அதன் நகல். அங்கோரைப் பார்த்தவர்கள் அளவில் இது சிறியது என்று நினைப்பார்கள். ஆனால் சமதளம், நிழல், அமைதி. ஆற்றை ஒட்டி வரலாற்றுக்கு முந்தைய காலத்து எலும்புக்கூடுகள் கிடைத்த குழிகளையும் அங்கேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். படி ஏறாமல் பழைய கோயில் ஒன்றைப் பார்க்க விரும்பும் பெற்றோருக்கு இதைவிட நல்ல இடம் இந்த மாகாணத்தில் இல்லை.

குகைக் கோயில்கள் பல. வாட் பான் தாமில் நாகத்தின் வாய்க்குள் நுழைந்து அதன் உடல் வழியாகக் குகைக்கு ஏறலாம், அங்கிருந்து உச்சி வரை நூற்றுக்கணக்கான படிகள்; ஏற்றம் பிடித்தவர்களுக்கு மட்டும். வாட் தாம் காவ் புன் நகருக்கு மிக அருகில் இருக்கிறது. போரின்போது ஜப்பானியர் கிடங்காக வைத்திருந்த குகை. உள்ளே தலை குனிந்து போக வேண்டிய இடுக்குகள் உண்டு. அரை நாள் மட்டும் இருந்தால் வாட் தாம் சுவாவையும் இதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

உடை விதி எல்லாக் கோயில்களுக்கும் ஒன்றுதான்: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புத்தரை நோக்கிக் கால் நீட்டி உட்காரக் கூடாது. பிக்குவிடம் பெண்கள் நேராக எதையும் கையில் கொடுக்கக் கூடாது, அவர் விரிக்கும் துணியில் வைக்க வேண்டும்.

ரயில் பாதையும் நடுகல்லும்

தமிழர்கள் காஞ்சனபுரிக்குப் போய் அருவியை மட்டும் பார்த்துத் திரும்புவது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதையை, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய ராணுவம் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. மரண ரயில் என்பது இதுதான். இதில் வேலை வாங்கப்பட்ட அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க் கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தோர் தொகை தொண்ணூறாயிரம் அளவில் மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கொன்றன. கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், இறந்தவர் பெயரைக் குறித்து வைக்க ஆளும் இருந்தது. தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு இரண்டுமே இல்லை.

நகர நடுவில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் 6,982 கைதிகளின் கல்லறைகள் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகின்றன. அதை அடுத்து நிற்கும் வாட் தாவோர்ன் வராராம் என்ற வியட்நாமிய மரபுக் கோயில் வளாகத்தில்தான், இறந்த தமிழர்களுக்காக 2023 மே 1 அன்று நடுகல் திறக்கப்பட்டது. பெரும்பாலான சுற்றுலாக் குழுக்கள் கல்லறைத் தோட்டத்தோடு திரும்பிவிடும். ஓட்டுநரிடம் கோயில் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எதிரே இருக்கும் ரயில் பாதை அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். குவாய் பாலத்துக்கு முன் அதைப் பார்த்துவிட்டால், பாலத்தில் எதைப் பார்ப்பது என்பது விளங்கும்: வளைந்த மேல்சட்டம் உள்ள கண்கள் பழையவை, நடுவே நேரான சட்டம் உள்ள இரண்டு கண்கள் குண்டுவீச்சில் உடைந்தபின் போருக்குப் பிறகு மாற்றப்பட்டவை. நவம்பர் கடைசியில் தொடங்கும் பாலத் திருவிழா நாட்களில் ஒளி ஒலிக் காட்சி உண்டு, ஆனால் அறை கிடைப்பது கடினம்.

ரயிலில் போவதா, சாலை வழியாக ஹெல்ஃபயர் பாஸ் போவதா என்பது அடுத்த கேள்வி. காஞ்சனபுரி நிலையத்திலிருந்து நாம் தோக் வரை இரண்டு மணி நேரப் பயணம். வெளிநாட்டவருக்கு எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 100 பாட். காலை ஆறு மணிக்குப் பிறகு ஒன்று, பத்தரையை ஒட்டி ஒன்று, மாலை நாலரையை ஒட்டி ஒன்று. அட்டவணை அவ்வப்போது மாறும், முந்தைய நாளே நிலையத்தில் கேளுங்கள், தாமதம் சாதாரணம். நாம் தோக் நோக்கிப் போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். தாம் கிரசேயில் ரயில் மலைச்சுவரை உரசியபடி மரத்தூண்களின் மேல் மெதுவாகப் போகும். ஆறு இடப்பக்கம், வலப்பக்கம் பாறை மட்டும். மாலை ரயிலில் போனால் அன்றே திரும்ப ரயில் இல்லை.

பத்தரை ரயிலில் இரண்டு வகையாகப் பயன் பெறலாம். தா கிலென் நிலையத்தில் இறங்கி, சுமார் ஒரு கிலோமீட்டர் நடந்து முவாங் சிங் பார்த்துவிட்டு, நாம் தோக்கிலிருந்து ஒரு மணிக்கு முன்னால் கிளம்பி வரும் ரயிலைப் பிடித்து நகர் திரும்பலாம். கோயிலுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கிடைக்கும். ஆனால் தாம் கிரசே மரப்பாலம் தா கிலெனுக்கு அப்பால் இருக்கிறது, அது கிடைக்காது. அல்லது நாம் தோக் வரை போய், சாய் யோக் நோயில் குளித்துச் சாப்பிட்டு, மூன்றரை மணி ரயிலில் திரும்பலாம். முதல் தடவை போகிறவர்களுக்கு இரண்டாவதே சரி.

ஹெல்ஃபயர் பாஸ் ரயிலுக்கு எட்டாது. இப்போது ரயில் ஓடும் பாதை சாய் யோக் நோய் அருவியோடு முடிந்துவிடுகிறது. நகரிலிருந்து 80 கிலோமீட்டர், 323ஆம் சாலையில் போகும் பேருந்தில் ஏறி வாசலில் இறங்கலாம். ஆஸ்திரேலிய அரசு நடத்தும் நினைவகம், காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை, கட்டணம் இல்லை. காதில் மாட்டிக் கேட்கும் விளக்கக் கருவியும் இலவசம். அதைக் கட்டாயம் வாங்குங்கள். அங்கிருந்து படி இறங்கிப் போனால், கையால் உளியடித்து வெட்டிய பாறை வெட்டு வரும். ஓரிடத்தில் சுவரைக் கூர்ந்து பாருங்கள், உளிக் குழிகள் இன்னும் தெரிகின்றன. உடைந்த துளைக்கம்பி ஒன்றும் பாறையிலேயே சிக்கி நிற்கிறது. வெட்டைத் தாண்டி ஹின்டோக் வரை போகும் நடைபாதை சரளைக்கல்லும் ஏற்ற இறக்கமுமாக இருக்கும். முதியவர்கள் வெட்டோடு திரும்பலாம். ஒரே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் ரயிலைவிட ஹெல்ஃபயர் பாஸைத் தேர்ந்தெடுங்கள். ரயிலில் காட்சி அழகு இருக்கிறது. அந்தப் பாதை எப்படிப் போடப்பட்டது என்பது இந்தப் பாறையில்தான் தெரியும்.

சங்க்லபுரி தனிப் பயணம்

நகரிலிருந்து மினிவேனில் நான்கு மணி நேரம். போய்த் திரும்பவே ஒரு நாள் போய்விடும் என்பதால் இரண்டு இரவு இல்லாமல் திட்டமிட வேண்டாம். மோன் இன மக்கள் வாழும் ஏரிக்கரை ஊர். லுவாங் போ உத்தமா என்ற பிக்குவின் முயற்சியில் 1980களில் கட்டிய நீண்ட மரப்பாலம், 2013 ஜூலை வெள்ளத்தில் நடுவே அறுந்து, மறு ஆண்டு சீரமைக்கப்பட்டது. காலை ஆறு, ஆறரைக்கு அதன் மோன் கரையில் பிக்குகள் பிச்சை ஏற்க வருவார்கள். புத்தகயா கோபுரத்தின் சாயலில் கட்டிய பௌத்தத் தூபியும் அக்கரையில்தான்.

இங்கே தேர்வு பருவத்தைப் பொறுத்தது. 1984இல் அணை கட்டியபோது மூழ்கிய பழைய கோயிலுக்கு மார்ச் முதல் மே வரை நடந்தே போகலாம், சுவர்களும் வாசலும் முழுதாக வெளியே நிற்கும். ஆனால் வெயில் 40 டிகிரியைத் தொடும், புகைமூட்டமும் உண்டு. நவம்பர் முதல் ஜனவரி வரை மூடுபனியும் நிறைந்த ஏரியும் அழகு. அப்போது கோயிலின் மேற்பகுதிதான் தண்ணீருக்கு மேல் தெரியும், படகில்தான் சுற்ற வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்றில்லாமல் முழுப் படகுக்கும் சேர்த்துப் பேசுவார்கள், நான்கைந்து பேர் சேர்ந்தால் மலிவு. வழியில் தோங் பா பூமுக்கு முன் ஹின் தாத் வெந்நீர் ஊற்று இருக்கிறது, பக்கத்திலேயே குளிர்ந்த ஓடை. இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று மாறி மாறி இறங்குவது வழக்கம். எல்லைப் பகுதி என்பதால் சாலையில் சோதனைச் சாவடிகள் உண்டு, அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். எல்லையில் உள்ள மூன்று பகோடா கணவாயைப் பார்க்கலாம். பர்மாவுக்குள் போகும் எண்ணத்தோடு போகாதீர்கள்.

நாள் கணக்கு

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் எரவானை விட்டுவிடுங்கள். காலையில் வாட் தாம் சுவா, பிறகு அருங்காட்சியகம், கல்லறைத் தோட்டம், நடுகல், மாலையில் பாலம். எல்லாம் 20 கிலோமீட்டருக்குள். இரண்டு நாள் என்றால் முதல் நாள் இதே நகரச் சுற்று, மறுநாள் முதல் பேருந்தில் எரவான். மூன்றாம் நாள் கிடைத்தால் குவே நோய் பக்கம்: காலையில் சாலை வழியாக ஹெல்ஃபயர் பாஸ், இறங்கி வரும்போது நாம் தோக்கில் மூன்றரை மணி ரயிலைப் பிடித்துத் தாம் கிரசே வழியாக நகர் திரும்பலாம். இந்தத் திசையில் ஆறு வலப்பக்கம் வரும்.

செப்டம்பர், அக்டோபரில் அருவி முழு வேகத்தில் இருக்கும், ஆனால் கனமழை பெய்தால் நிறம் செம்மண்ணாகிவிடும், மேல் அடுக்குகளை மூடியும் விடுவார்கள். நவம்பர், டிசம்பர் எல்லாவற்றுக்கும் பொது. வார இறுதியிலும் தாய்லாந்து விடுமுறைகளிலும் பாங்காக்கே இங்கே வந்துவிடும். எரவானைச் செவ்வாய், புதனில் வையுங்கள்.

இருசக்கர வண்டி ஒரு நாளைக்கு 200, 250 பாட்டுக்கு வாடகைக்குக் கிடைக்கும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் மோட்டார் சைக்கிள் பிரிவு முத்திரை இல்லாவிட்டால் அபராதம் மட்டுமல்ல, விபத்து நேர்ந்தால் பயணக் காப்பீடும் கைகொடுக்காது. எரவான் சாலை அகலமானது, பழகியவர்கள் ஓட்டலாம். 323இல் கனரக லாரிகள் ஓடும். தோங் பா பூமுக்கு அப்பால் வளைவுகளில் வேண்டவே வேண்டாம்.

சைவ உணவுக்காரர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகளைத் தேடி, 'கின் ஜே' என்று சொல்லுங்கள். மீன் சாறும் முட்டையும் இல்லாத உணவு கிடைக்கும், வெங்காயம், பூண்டுகூட இருக்காது. வெறுமனே 'இறைச்சி வேண்டாம்' என்றால் மீன் சாறு ஊற்றித்தான் தருவார்கள். எரவான், ஹெல்ஃபயர் பக்கம் இந்தக் கடைகள் அரிது. நகரில் காலையிலேயே சோறு கட்டிக்கொள்வது நல்லது, எரவானில் அதை இரண்டாம் அடுக்குக்குக் கீழேயே சாப்பிட வேண்டும்.